கொடித்துணி இயல்: மேகமூட்டக் காலத்துக்கான ஓர் ஆய்வு

மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியை எந்தக் கணத்தில் எடுப்பது என்பது பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை. கார்காலத்தை முல்லைக்கு ஒதுக்கியதோடு அவர் வேலை முடிந்தது. பின்னால் வந்த புலவர்களும், தலைவன் தேர் வருகிறதா என்று தலைவியை வாசலில் உட்காரவைத்தார்களே தவிர, அந்த வீட்டில் துவைத்துப் போட்ட துணி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்குறையை நீக்கவே இச்சிறு ஆய்வு.

ஆய்வுக்களம், தென்சென்னையில் ஒரு மொட்டைமாடி. கருவிகளாவன: தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே கட்டிய மூன்று நைலான் கயிறுகள், பிடிப்பு விட்டுப்போன பிளாஸ்டிக் கிளிப்புகள், ஒரு செல்போன், ஒரு தாயார். காலம் ஐப்பசியும் கார்த்திகையும். சித்திரை, வைகாசியில் இதே மாடியில் வடாம் பிழிந்து காயவைக்கும் துறை ஒன்று உண்டு. அதில் பகைவன் மழையல்ல, காகம். ஆகவே அது இங்கே சேர்க்கப்படவில்லை.

முதலில் மூலபாடம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னைவாசி பல்லவிபோல் கேட்கும் நூற்பா இது: 'வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். நகரின் ஒருசில பகுதிகளில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.' எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் வாக்கியம் என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. உரை தெரியாதவர்கள் பேச்சு அது. உரை வருமாறு.

'ஓரளவு' என்பது கண்ணால் அளக்கப்படுவது. வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறது என்று வானிலையாளர்கள் எண்ணுவார்கள். வானத்தை அவர்கள் பாகப்பிரிவினை செய்கிறார்கள், வழக்கு இல்லாமல். 'ஒருசில' என்பதும் வாய்க்கு வந்த சொல்லன்று. ஒரு வட்டாரத்தில் மழைமானி வைத்த இடங்களில் கால் பங்கு வரை மழை என்றால் 'ஓரிரு இடங்கள்'. காலுக்கு மேல் அரை வரை 'ஒருசில'. முக்காலைத் தாண்டினால் 'பெரும்பாலான'. 'மிதமான' என்றால் 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. 64.5 தொட்டால்தான் 'கனமழை'. எனவே முழங்கால் அளவுத் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், அன்று பெய்தது 64 மில்லிமீட்டர் என்றால், மிதமாகத்தான் நனைந்திருக்கிறார்.

இதிலும் நுட்பமானது 'மழை நாள்' என்ற கலைச்சொல். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அது மழை நாள். இங்கேதான் வானிலையியலும் கொடித்துணி இயலும் பிரிகின்றன. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நாலு முழ வேட்டியை விரித்தால் இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாது. அப்படியானால் இரண்டு மில்லிமீட்டர் தூறலில் அதன் தலையில் விழுவது நாலு லிட்டர். வேட்டி குடித்தது போக மீதி சொட்டும். இவ்வளவும் நடந்த அந்த நாள், அரசாங்கக் கணக்கில் மழை நாளே அல்ல. நாள் என்பதும் அங்கே காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிவது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நனைந்த வேட்டிக்கும் ஒன்பது மணிக்கு நனைந்த வேட்டிக்கும் கணக்கில் ஒரு நாள் வித்தியாசம்.

அடுத்து, செல்போன் காட்டும் '40 சதவீதம்'. இது குறித்து என் வீட்டில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் நிலவுகின்றன. நாளில் நாற்பது பங்கு நேரம் பெய்யும் என்பது என் மைத்துனர் கட்சி. ஊரில் நாற்பது பங்கு இடத்தில் பெய்யும் என்பது பக்கத்து வீட்டு அண்ணன் கட்சி. அம்மாவின் கட்சி எளிமையானது. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த தலைமுறை அவர்; நாற்பது என்றால் மழை பாஸாகிவிட்டது, துணியை எடு. உண்மையில் அந்த எண் சொல்வது, இதுபோன்ற பத்து நாட்களில் ஏறக்குறைய நான்கில் இந்த இடத்தில் மழை பெய்யும் என்பதை மட்டும்தான். பெய்தாலும் அது பொய்யாகாது, பெய்யாவிட்டாலும் பொய்யாகாது. ஜோசியக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.

ஆயினும் அந்த எண்ணைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. மாடியேறித் துணியை எடுத்து வருவது ஒரு செலவு. நனைந்தால் மறுபடி அலசிப் பிழிந்து, மூன்று நாள் ஈர வாடையோடு நாற்காலி முதுகில் போட்டு உலர்த்துவது இன்னொரு செலவு. முன்னது பின்னதில் கால் பங்கு என்றால், 25 சதவீதம் தாண்டியதுமே எடுத்துவிடலாம். வானிலை அறிந்தவர்கள் விமான நிலையத்துக்கும் அணைக்கட்டுக்கும் போடும் கணக்கு இதேதான். இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: ஒரே 30 சதவீதத்துக்குக் கால்மிதியைக் கொடியிலேயே விடலாம், சுங்குடிச் சேலையை விடக்கூடாது. மழை ஒன்றுதான், துணிக்குத் துணி முன்னறிவிப்பு வேறு.

இனி ரேடார். நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வான் பார்க்க ஒரு கூடம் எழுப்பிய ஊர் இது. அதன் கருங்கல் தூண் ஒன்று இன்றைய வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அந்த ஊருக்கு டாப்ளர் ரேடார் வந்தது 2002-இல். வைத்த இடம் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சி. அதாவது அதுவும் ஒரு மொட்டைமாடி. ஆய்வாளருக்கும் ரேடாருக்கும் இடையில் ஒரு தொழில் உறவு ஏற்பட இதுவே காரணம்.

ரேடார் செய்வது இவ்வளவுதான். சுமார் பத்து சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலையை விட்டு விட்டு அனுப்பும். மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கும். எதிரொலி பலமாக இருந்தால் சிவப்பு, மெலிந்தால் பச்சை, நீலம். துளி தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதையும் சொல்லும். டாப்ளர் என்ற பெயர் அதற்காக. ஆனால் அதன் கண்ணில் எல்லாத் துளியும் சமம் இல்லை. எதிரொலியின் பலம் துளி விட்டத்தின் ஆறாம் அடுக்குப்படி ஏறும். மூன்று மில்லிமீட்டர்த் துளி ஒன்று, ஒரு மில்லிமீட்டர்த் துளிகள் 729-க்குச் சமம். கல்யாண மண்டபத்தில் எம்.எல்.ஏ. நுழைந்ததும் உறவுக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவதுபோல.

இன்னொரு சங்கதி, பூமி உருண்டை என்பதால் வருவது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் அலை, நூறு கிலோமீட்டர் போவதற்குள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே அது பார்க்கும் மழை, கீழே வரும் வழியில் காய்ந்தும் போகலாம். மேகத்திலிருந்து புறப்பட்ட மழை எல்லாம் தரைக்கு வந்து சேர்ந்த மழை அல்ல. இந்தப் பாகுபாட்டை என் அம்மாவிடம் விளக்க முயன்று நான் ஒருமுறை காலைக் காபியை இழந்திருக்கிறேன்.

தட்டான் தாழப் பறப்பது, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆகிய மரபு வழிகளும் பரிசீலிக்கப்பட்டன. எங்கள் தெருவில் தட்டானைப் பார்த்து நாளாகிறது. எறும்பு எல்லா நாளும் எதையாவது தூக்கிக்கொண்டுதான் போகிறது. தொலைக்காட்சியில் வானிலை மையத்து ரமணன் தோன்றினால் பள்ளிக்கு விடுமுறை என்ற நம்பிக்கையும் ஒரு தலைமுறைக்கு இருந்தது. விடுமுறை விட்டவர் கலெக்டர். கும்பிடு வாங்கியவர் ரமணன்.

களப்பணிக்கு வருவோம். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, பகல் மூன்று மணி. ரேடார் படத்தில் கடலுக்கு மேல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை. முந்தைய படங்களோடு ஒப்பிட்டு, இருபது கிலோமீட்டர் தூரம், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம், ஆகவே நாற்பது நிமிடம் என்று கணக்கிட்டேன். அதை அம்மாவிடம் ஆராய்ச்சி முடிவுக்குரிய கம்பீரத்தோடு அறிவித்தேன்.

அம்மா போனைப் பார்க்கவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி, மூன்று வீடு தள்ளியிருந்த மாடியைப் பார்த்தார்.

"அவ இன்னும் எடுக்கலடா. கெடக்கட்டும்."

மூணாவது வீட்டு அக்காவின் கொடியில் துணி இருக்கும்வரை எங்கள் தெருவில் மழை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. பத்து நிமிடம் கழித்து அந்த அக்கா மாடிக்கு வந்தார். ஒரு சட்டையை உருவினார். அவ்வளவுதான். எதிர் மாடியில் பெட்ஷீட் இறங்கியது, பின்மாடியில் பக்கெட் உருண்டது, அம்மா என் தோளில் துண்டும் பாவாடையுமாக அடுக்கிக்கொண்டே போனார். பாதி ஈரம். ஒரு தெருவே துணி எடுக்கும்போது ஈரம் பார்ப்பதில்லை.

ஆய்வு நேர்மை கருதிச் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டேன்: "அக்கா, மழை வருதா?"

"தெரியலியே தம்பி. இஸ்திரி வண்டி வந்திருக்கு, பையனோட யூனிஃபார்ம் எடுக்க வந்தேன். ஏன், நீங்கள்லாம் எடுக்கறீங்க?"

சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். ஒரு மாடியிலும் துணி இல்லை. மேற்கொண்டு பேசாமல் தன் மீதித் துணியையும் மளமளவென்று எடுக்க ஆரம்பித்தார்.

மழை வந்தது. நாலு தெரு தள்ளிப் பெய்துவிட்டு மேற்கே போனது. நகரின் ஒருசில பகுதிகளில், லேசானது. மாலையில் மாடிக்குப் போனபோது எங்கள் கொடியில் கால்மிதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.