கொழுந்து பூக்குமா?

கேள்வி: தேயிலைக் கொழுந்தை 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்கிறார்களே, அந்த மொட்டைப் பறிக்காமல் விட்டால் பூக்குமா?
– ஹட்டன் வாசகி

பதில்: பூக்காது அம்மா, விரிந்து இலையாகத்தான் ஆகும். அது இலைமொட்டு. அடுத்து வரவேண்டிய இலைகளைச் சுருட்டி மடியில் வைத்திருக்கிறது. கிள்ளியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிபோல் கூர்ந்து, மேலெல்லாம் வெள்ளிப் பூனைமயிர் படர்ந்திருக்கும். 'பெக்கோ' என்ற தேயிலைத் தரத்தின் பெயர் வந்ததே வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்துதான்!

பூ அரும்பு வேறு. இலைக்கக்கத்தில் சின்ன உருண்டையாகத் தொங்கும். மலர்ந்தால் வெள்ளை இதழ்கள், நடுவே கற்றையாக மஞ்சள் மகரந்தத் தாள்கள். வாரந்தோறும் உங்கள் கை படுகிற செடியில் அதை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். பறிக்காமல் விட்ட செடியில் தேடுங்கள்.

அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. இலைக்கும் தளிர், முறி, குழை என்று உண்டு. தொல்காப்பிய மரபியல் மரத்தின் உறுப்புக்கும் புல்லின் உறுப்புக்கும் தனித்தனியே சொற்களை அடுக்குகிறது. மலையில் நீங்கள் நாள்தோறும் சொல்லும் 'கொழுந்து' தளிர், முறி போன்ற இலைப்பெயர்களின் வரிசையில் நிற்கிற சொல். பாடப்புத்தகத்திலும் 'மொட்டு' என்று நிறுத்தாமல் 'இலைமொட்டு' என்றே அச்சிட்டால் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வராது.