கப்பலுக்கு முந்தின ராத்திரி

கேள்வி: நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறை போகிறோம். முந்தின நாள் எங்கே தங்கினால் செலவு குறையும்?
– ஒரு வாசகர், ஆவுடையார்கோவில்

பதில்: குதிரை வாங்கத் துறைமுகத்துக்குப் புறப்பட்ட மாணிக்கவாசகர், பாண்டியன் பணத்தை உங்கள் ஊர்க் கோயிலுக்கே செலவழித்துவிட்டார் என்பது ஐதிகம். நீங்கள் கையில் காசோடு கப்பலேற வேண்டுமானால் வேளாங்கண்ணியில் தங்குங்கள். நாகைக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் உங்களுக்கு வழியிலேயே இருக்கிறது. ஆண்டு முழுக்க எளிய குடும்பங்கள் வந்து போகிற ஊர் என்பதால், பேராலய விடுதியிலிருந்து தனியார் லாட்ஜ் வரை கைக்கு எட்டும் வாடகையில் அறைகள் நிறைய உண்டு. வாரநாளில் பேரம் பேசவும் இடமிருக்கும். ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அப்போது நாகையோ நாகூரோதான் சரி.

'ராத்திரியே ஊரிலிருந்து காரில் கிளம்பினால் அறை வாடகை மிச்சம்தானே?' என்பீர்கள். கார் வாடகை அதை விழுங்கிவிடும். தூங்காத கண்ணோடு பாஸ்போர்ட், சுங்கச் சோதனை வரிசைகளில் நின்று, பிறகு நாலு மணி நேரம் கடலில் ஆடினால் வயிறு சும்மா இருக்காது. விடிகாலை ஆட்டோவுக்கு முந்தின இரவே சொல்லி வையுங்கள். ஒன்று முக்கியம்: 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய சேவை மழைக்காலத்தால் ஒரே வாரத்தில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. ஆகவே திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்டாதீர்கள். கப்பல் உறுதியா என்று கேட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டுங்கள்.