மெல்லிய தட்டு, கனத்த கை

டிரம்ஸுக்கு மெல்லிய கிராஷ் சிம்பல் வாங்க வருபவரைக் கடையில் பார்க்க வேண்டும். நகத்தால் ஒரு சுண்டு. ஓரத்தில் காதை வைத்து, கண்ணை மூடி, ஆலாபனை கேட்பது போல ஒரு தலையாட்டல். 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் என்று உலோகக் கணக்கும் ஒப்பிப்பார். கூடவே சிம்பல் கம்பெனிகளின் குடும்ப வரலாறு: இஸ்தான்புல்லில் 1623-இல் தொடங்கிய சில்ஜியான், சகோதரர்கள் பிரிந்ததில் 1981-இல் கனடாவில் பிறந்த சேபியன். அந்தப் பங்காளிச் சண்டையில் நமக்குக் கிடைத்த பாகம், குழம்புவதற்கு இன்னொரு விலைப்பட்டியல்.

மெல்லிய தட்டு லேசாகப் பட்டாலே விரிந்து ஒலித்துச் சட்டென அடங்கும். நேராக மோதாமல், பக்கவாட்டில் வழித்துவிடுவது போல அடிக்க வேண்டும். இதெல்லாம் அவருக்கும் தெரியும்; நாலு பேருக்கு வகுப்பே எடுப்பார். மேடையில் கிடார்காரர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் தட்டு சிதறுதேங்காய்தான். போதாததற்கு, ஆடக் கூடாதென்று தட்டைத் தாங்கியில் பிடிக்கும் விங் நட்டை இறுக முறுக்கியிருப்பார். ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். “இப்பல்லாம் யாருங்க ஒழுங்கா செய்யறாங்க!”

விரிசல் தட்டை இன்னொன்றின் மேல் போட்டு மாட்டினால் அதற்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். இதற்காகத்தான் வாங்கினேன் என்பார்.