நல்லகிருமி மாமா

யாழ்ப்பாணத்து ஊர் ஒவ்வொன்றிலும் அவர் ஒருவர் இருக்கிறார். பெயர் எதுவாகவும் இருக்கலாம். முகத்துக்கு முன்னால் ‘மாமா’, அவர் சயிக்கிள் ஒழுங்கை முடக்கைத் தாண்டியதும் ‘நல்லகிருமி’. கச்சேரியிலோ கல்வித் திணைக்களத்திலோ எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். பிள்ளைகள் ஸ்காபரோவில், அல்லது ஹரோவில். கையில் யூரியூப் திறக்கத் தெரிந்த ஒரு போன். அதை வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரின் குடலுக்குள் நல்ல கிருமி எத்தனை, கெட்ட கிருமி எத்தனை என்று வெளியில் நின்றே கணக்குச் சொல்லிவிடுவார்.

இடம், பொருள், ஏவல் அவருக்குக் கிடையாது. ஒருமுறை செத்தவீடு ஒன்றில், பந்தலுக்குள் வாடிப்போய் இருந்த செத்தவரின் தம்பியைப் பார்த்துக் காதோடு கேட்டார்: “காலமை ஒழுங்காப் போனதோ?”

“ஓம் மாமா. ஒரு கரைச்சலும் இல்லை. நித்திரையிலையே போயிட்டுது.”

மாமா நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு எழும்பினார். நித்திரையில் போவது அவருடைய அட்டவணையில் இல்லாத நோய்.

அவருடைய சித்தாந்தம் அலுவலகத்திலிருந்து வந்தது. குடல் ஒரு கந்தோர். அதில் நேரத்துக்கு வந்து வேலை செய்கிறவர்கள் நல்ல கிருமிகள், கையெழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போகிறவர்கள் கெட்ட கிருமிகள். 85க்கு 15 என்ற வீதம் பிசகக் கூடாது என்பார். அடுத்த கிழமை அது 80க்கு 20 ஆகிவிடும், புதிய வீடியோ வந்திருக்கும். உண்மையில் அப்படி ஒரு வீதத்தை எந்த ஆய்வுகூடமும் அளந்து நிறுவியதில்லை. உடம்பில் மனிதக் கலம் ஒன்றுக்குக் கிருமி பத்து என்பதும் அவருக்குப் பிடித்த வாய்ப்பாடு. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, சராசரி ஆண் ஒருவரின் உடம்பில் பக்டீரியா சுமார் 38 இலட்சம் கோடி, மனிதக் கலங்கள் சுமார் 30 இலட்சம் கோடி என்று வந்தது. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. அத்தனை பக்டீரியாவையும் தராசில் போட்டால் 200 கிராம்தான் நிற்கும். இதை ஊர்ப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர் எடுத்துச் சொன்னதற்கு, “அது இஸ்ரேல்காரன்ரை வயிறு. எங்கடை வயிறு வேறை” என்று கோப்பை மூடினார்.

அவருடைய கறுப்புப் பட்டியலில் முதல் பெயர் ஈ. கோலை. 1885இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன இந்தக் கிருமி, மாமாவின் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அதன் வகைகளில் பெரும்பாலானவை ஒருவரையும் தொந்தரவு செய்வதில்லை, வைட்டமின் கே தயாரித்தும் கொடுக்கின்றன. சில வகைகள் மட்டும் ஆளைக் கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் இடையில் ஓடவைக்கும். ஒரே பெயரில் நல்லவனும் கெட்டவனும் இருப்பது மாமாவுக்குப் பிடிக்காத விசயம். அதை எந்தக் கோப்பில் போடுவது?

“தயிருக்கே நோபல் பரிசு குடுத்தவங்கள்!” இது கோயில் வீதியில் அவர் அடிக்கடி விடும் வெடி. அரைவாசி மெய். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இல்யா மெச்னிகோவ், பல்கேரியக் கிராமத்தார் நீண்டகாலம் வாழ்வது புளித்த பாலால்தான் என்று நம்பித் தானும் நாள்தோறும் அதைக் குடித்தவர். அந்தத் தயிரின் கிருமியை 1905இல் கண்டு விவரித்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர். ஆனால் 1908இல் மெச்னிகோவுக்கும் பவுல் ஏர்லிக்குக்கும் பரிசு கிடைத்தது நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக; தயிர்ச் சட்டிக்கு அதில் பங்கில்லை. மெச்னிகோவ் 1916இல், 71 வயதில் இறந்தார். பெருங்குடலே மனிதனுக்குத் தேவையில்லாத சுமை என்றும் அவர் எண்ணினார். அதே காலத்தில் லண்டனில் ஆர்பத்நட் லேன் என்ற சத்திர வைத்தியர், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலை வெட்டியே எறிந்தார். மாமாவின் வைத்தியம் பேதிமருந்தோடு நின்றுவிடுவது ஊர் செய்த புண்ணியம்.

பூட்டனார் கிறீன் வைத்தியரிடம் படித்தவர் என்பது மாமாவின் குடும்ப வரலாறு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, பிறகு அதைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர், அதில் சந்தேகமில்லை. அவரிடம் தமிழில் படித்துத் தேறியவர்கள் முப்பது சொச்சம் பேர். குடாநாட்டில் அவர்களுக்குப் பூட்டப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்பவர்களை எண்ணினால், அந்த முப்பது சொச்சம் பேருக்கும் வைத்தியம் பார்க்க நேரம் இருந்திராது. மாமா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பதிப்பித்த ‘பரராசசேகரம்’ என்ற வைத்திய நூல் இருக்கிறது. திறந்தால் தாள் உடையும் என்று அவர் திறப்பதில்லை. கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெடிச்சி ஒருநாள் அதைக் கேட்டு வந்தாள். அதோடு, “மாமா, நாடி பாக்காமல், நோயாளியின்ரை உடல்வாகு கேக்காமல் எல்லாருக்கும் ஒரே மருந்தோ?” என்றும் கேட்டுவிட்டாள். அலுமாரித் திறப்பு அன்றிலிருந்து காணாமற்போனது.

ஆனாலும் அவருடைய மருந்துகளைக் குறைசொல்ல இடமில்லை. அவை மாமியின் சமையல்.

பழஞ்சோற்றைப் பாருங்கள். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடிவதற்குள் லக்ரிக் அமிலப் பக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது. ஆறிய சோற்றில் மாப்பொருளின் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் வரை போய், அங்கிருப்பவற்றுக்குச் சாப்பாடாகிறது. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தயிர், தேசிக்காய்ப்புளி, முதல்நாள் கறிச்சட்டியின் அடி எல்லாம் போட்டுக் குழைத்து, சுற்றி இருக்கும் பிள்ளைகளின் கையில் மாமி உருண்டை உருண்டையாக வைப்பார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே பழைய சோற்றைக் குடல் நோய்க்கு ஆராய எடுத்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த நாள் மாமா வீட்டில் தீபாவளி. 2021இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் 36 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு பகுதிக்குப் புளித்த உணவும் மறுபகுதிக்கு நார் உணவும் கொடுத்தார்கள். புளித்தது சாப்பிட்டவர்களின் குடலில் கிருமிகளின் வகை கூடியது, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. அவர்களுக்குக் கொடுத்தது யோகட், கிம்சி, கொம்புச்சா. பழஞ்சோற்றைக் கேட்டிருக்கிறார்களா என்று மாமா இன்னும் கோபமாக இருக்கிறார். சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே வெக்கையில் நாள்முழுக்க வைத்தால், கொதிக்கும் நீரிலும் சாகாத பசிலஸ் செரியஸ் முளைத்து வாந்தி வரும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. மாமிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அப்படி வைக்க விடமாட்டார்.

கூழும் இப்படித்தான். ஒடியல்மாவை ஊறவைத்துக் காறல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் சேர்த்து, பிலாவிலையைக் கோலிக் குடித்தால் குடலுக்கு வேண்டிய நார் தாராளம். அப்பத்தில்தான் மாமாவுக்குச் சங்கடம். நல்ல அப்பமா கள்ளு விட்டே புளிக்கும். கள்ளில் இருப்பது ஈஸ்ற்றும் லக்ரிக் பக்டீரியாவும், அவருடைய கொள்கைப்படி நல்லவர்களில் நல்லவர்கள். அவரோ கந்தசட்டி விரதகாரர். “கள்ளெண்டு சொல்லாதேங்கோ, நல்லகிருமித் தண்ணி” என்று அதற்குப் பெயர் மாற்றிக் கணக்கில் ஏற்றினார்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அவருடைய அறுவடைக் காலம். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் மூன்றாம் நாள் வயிற்றைப் பிடிக்கும். மாமா வாசலில் நிற்பார். வெந்தயம் ஊறவைத்த மோர், மாதுளந்தோல் அவித்த தண்ணீர், தேசிக்காய்ப்புளி விட்ட பிளேன்ரீ, வேர்க்கொம்பும் மல்லியும். கேட்டால் ஓமமும் உண்டு. எல்லாம் தடபுடலாக நடக்கும்போது மாமி அடுக்களையில் ஜீவனி பக்கற்றைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக்கொண்டிருப்பார். சீனியும் உப்பும் சேர்ந்த அந்தத் தண்ணீரின் வல்லமை 1971இல் வங்காளத்தில் தெரிந்தது: எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதியால் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், திலீப் மகலனாபிஸ் அதைக் குடிக்கக் கொடுத்து நாலுக்குக் கீழே இறக்கினார். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் அதே வேலையைச் செய்யும். குடும்பம் எழும்பி நடந்ததும் பெயர் மாதுளந்தோலுக்குப் போகும்.

அவர் வாயே திறக்காத ஒரு சங்கதி அவருடைய வளவுக்குள்தான் இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலானோர் குடிப்பது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் நிற்கும் மழைநீரை. கக்கூசுக் குழியிலிருந்து கிணற்றுக்குப் போக அந்த வெடிப்புகள் நல்ல பாதை. மாமா வீட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மதிலோரம். மழைக்காலம் முடிந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) தம்பி குளோரினோடு வந்தபோது மாமா துலாக்காலடியில் மறித்து நின்றார்.

“தம்பி, உள்ளுக்கை எத்தினை நல்ல கிருமி சாகும் தெரியுமோ?”

“ஐயா, கிணத்துக்குள்ளை இருக்கிறது உங்கடை குழியிலை இருந்து வந்தது.”

“அப்ப அது எங்கடை வீட்டுக் கிருமிதானே!”

கொதித்தாறிய தண்ணீர் செத்த தண்ணீர் என்பதும் அவர் கொள்கை. மாமி அதைக் கொதிக்கவைத்து மண்பானையில் ஊற்றிவைப்பதால், மாமா இருபது வருடமாகச் செத்த தண்ணீரைக் குடித்து உயிரோடு இருக்கிறார்.

ஒரே ஒரு விசயத்தில் அவரைக் கண்டிக்கத்தான் வேண்டும்: டொக்டர் எழுதிய அன்ரிபயோட்டிக் குளிசையைப் பாதியில் நிறுத்தச் சொல்வது. நல்லவையும் சாகும் என்பது சரி. நெருப்புக் காய்ச்சலுக்குக் கொடுத்த குளிசையை நிறுத்தினால் ஆளே சாகலாம். இதற்கு மாற்றாகக் கனடா மச்சான் கொண்டுவந்த புரோபயோட்டிக் கூட்டுக் குளிசையைக் கொடுக்கிறார். அதே வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அன்ரிபயோட்டிக்குக்குப் பிறகு அப்படிக் குளிசை எடுத்தவர்களுக்குச் சொந்தக் கிருமிகள் திரும்பி வரப் பிந்தியதாகத்தான் கண்டார்கள்.

போன ஆவணியில் லண்டனில் டொக்டராக இருக்கும் மருமகள் வந்திருந்தாள். மாமா தம்முடைய வீதக்கணக்கை ஒப்புவித்து முடித்ததும், அவள் வேறொரு மருத்துவத்தைச் சொன்னாள். அன்ரிபயோட்டிக்கால் குடல் வெறுமையாகி, குளொஸ்ரிடியம் டிபிசில் என்ற கிருமி திரும்பத் திரும்பப் பிடித்த ஆட்களுக்கு, சுகதேகி ஒருவரின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் விடுகிறார்கள். நெதர்லாந்தில் 2013இல் வந்த ஆய்வில், அப்படிச் செய்த 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே சுகம். 2022இல் அமெரிக்காவில் அதை மருந்தாகவே அங்கீகரித்தார்கள். சீனாவில் நாலாம் நூற்றாண்டிலேயே வைத்தியர் ஒருவர் குடிக்கக் கொடுத்து எழுதியும் வைத்திருக்கிறார்.

மாமா கையிலிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“ஆரின்ரை, பிள்ளை?”

“நல்ல சுகமான ஆக்களின்ரை மாமா. இரத்தம், மலம் எல்லாம் சோதிச்சுத்தான் எடுப்பினம்.”

“அது சரி. எந்த ஊர் ஆக்கள் எண்டு விசாரிக்க மாட்டினமோ?”

“பேர், ஊர் ஒண்டும் வெளியிலை சொல்லாயினம். போத்தில்லை இலக்கம் மட்டும்தான்.”

மாமாவின் முகம் தெளிந்தது. முப்பத்தைந்து வருடச் சேவை பேசியது.

“இலக்கம் இருந்தா ஒரு பைல் இருக்கும் பிள்ளை. பைல் இருந்தா அதிலை ஊரும் இருக்கும்.”