என்ட்ரி போட்டுக் கொடு, பாப்பா

கிரகப்பிரவேச வீட்டில் பால்கூட இன்னும் பொங்கவில்லை. சித்தப்பா மஞ்சள் பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட மூன்று பாஸ்புக்குகளை எடுத்து என் மடியில் வைத்தார். "அவசரமில்ல. திங்கக்கிழமை என்ட்ரி போட்டுக் கொண்டாந்துடு. நீதான் பேங்க்ல இருந்த பொண்ணாச்சே!"

மூன்றும் மூன்று வங்கி. நான் இருந்தது ஒரே வங்கியில். அதுவும் எம்.பி.ஏ. கோடைப் பயிற்சிக்கு. அதுவும் முடிந்து, கல்லூரி திறந்து, முதல் இன்டர்னல் தேர்வும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். "அதனால என்ன, எல்லாம் ஒரே கவர்மென்ட்தானே" என்றார். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது இந்திரா காந்தி மனதில் இருந்தது இதுதான் போலிருக்கிறது.

கோடைப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்ட மூன்று விஷயங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்தப் பாஸ்புக்கை முடித்துவிடலாம்.

நான் பயிற்சிக்குப் போனது புதுச்சேரி கோரிமேட்டுக் கிளைக்கு. அங்கே "இன்டர்ன்ஷிப் பண்றேன்" என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. ஜிப்மர் மருத்துவமனை இருக்கிற ஊரில் இன்டர்ன் என்றால் ஸ்டெதாஸ்கோப் மாட்டியவர் என்றுதான் அர்த்தம். தினமும் என்னை ஏற்றிவந்த ஷேர் ஆட்டோக்காரர் முழங்கால் வலியை ராஜீவ் காந்தி சிலையில் ஆரம்பித்துக் கோரிமேடு வரை விவரித்தார். அண்ணா, நான் பேங்க்ல இன்டர்ன் என்றேன். "பிளட் பேங்கா?" என்றார்.

ரிசர்வ் வங்கி தன்னிடம் கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் உதவித்தொகை தருகிறதாம். எனக்குக் கிடைத்தது ஒரு ஸ்டூல். அது போடப்பட்ட இடம் பாஸ்புக் பிரின்டருக்குப் பக்கத்தில். கணக்கைத் திறக்கிற பாஸ்வேர்ட் ஆபீசரிடம், புத்தகத்தைச் சொருகுகிற வேலை என்னிடம். நான் கொண்டுபோன ப்ராஜெக்டின் தலைப்பு 'டிஜிட்டல் வங்கிச் சேவை குறித்த வாடிக்கையாளர் விழிப்புணர்வு: கோரிமேடு கிளையைச் சிறப்பாக முன்வைத்து'. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "நல்ல டாபிக்மா. இந்தா, ரிப்பன் மாத்தத் தெரியுமா?" என்றார்.

வாசலில் பாஸ்புக் மெஷின் இருக்கிறது. பார்கோடு ஒட்டியிருந்தால் அதுவே என்ட்ரி போட்டு, பக்கத்தைத் திருப்பச் சொல்லும். வாடிக்கையாளர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். மெஷின் போட்டது கணக்கில் சேராதாம். ஒரு மனுஷி போட வேண்டும். அந்த மனுஷி நான்.

ஒரு காலத்தில் ஒரு பாஸ்புக் வருடக்கணக்கில் வந்தது. சம்பளம், எல்.ஐ.சி., சீட்டுப் பணம், அவ்வளவுதான். 2016-இல் யு.பி.ஐ. வந்தது. இப்போது டீ ஒரு வரி, கூட ஒரு வடை சாப்பிட்டால் இன்னொரு வரி. வடைக்குத் தனியாக ஸ்கேன் செய்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பாஸ்புக்கை நான்தான் அச்சடித்தேன். பிரின்டர் கர்கர்ரென்று ஓட, ஒரு ஆள் மாதம் முழுக்க எங்கே நின்றார், என்ன தின்றார், யாருக்குக் கடன் கொடுத்தார் என்று வரிவரியாக வெளியே வரும். கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் என்னென்ன கடைகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்புக் சொல்லிவிடும். ஒருவர் மனைவியோடு வந்தார். புத்தகம் பிரின்டருக்குள் போன பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. குனிந்து, "மேடம், மே மாசத்த மட்டும் விட்டுட்டுப் போடுங்களேன்" என்றார். விட முடியாது, சிஸ்டம் வரிசையாகத்தான் போடும். "அப்ப ரிப்பன் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க." அந்த அம்மா புத்தகத்தை வாங்கி, கவுன்டரிலேயே நின்று, விரல் வைத்துப் படித்தார். பின்னால் இருந்த வரிசை முழுக்கக் காத்திருந்தது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எட்டிப் பார்த்தார்கள்.

என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். புத்தகத்தை நீட்டும்போது மேடம். அச்சாகிக்கொண்டிருக்கும்போது பாப்பா. 17 ரூபாய் 70 காசு கண்ணில் பட்டதும் "ஏம்மா, இது என்ன?" 15 ரூபாய் எஸ்.எம்.எஸ். கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2.70. "எனக்கு எஸ்.எம்.எஸ். வந்ததே இல்லையே." போனை வாங்கிப் பார்த்தால் படிக்காத எஸ்.எம்.எஸ். ஆயிரத்துக்கு மேல்.

என் கெட்ட நேரம், பயிற்சி ஆரம்பித்தது மே கடைசியில். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 436 ரூபாயும், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் எல்லார் கணக்கிலும் தானாகக் கழிகிற வாரம் அது. ஜூன் 1 முதல் மறு மே 31 வரை ஒரு வருடக் கணக்கு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த யாருக்கும் கையெழுத்துப் போட்டது நினைவில்லை. ஓர் அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

"ரெண்டு லட்சம் கிடைக்கும்க்கா."

"எப்ப?"

"இறந்தா."

"யாரு?"

"நீங்கதான்."

"அப்ப ரெண்டு லட்சம் யாருக்கு?"

ஆபீசர் திரையைப் பார்த்து, நாமினி வீட்டுக்காரர் என்றார். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "436-ஐத் திரும்பப் போடு, பாப்பா."

நானும் யோக்கியமில்லை. ஒரு மதியம் கூட்டம் இல்லாதபோது என் பாஸ்புக்கை நானே சொருகினேன். ஸ்விக்கி, ஸ்விக்கி, ஸ்விக்கி என்று வந்ததும் மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மா இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த மூன்று விஷயங்கள். ஆமாம். அதற்கு முன் ரிப்போர்ட். இரண்டாம் அத்தியாயத்தில் வரலாறு எழுத வேண்டுமே என்று, 1875-இல் பாரிஸில் தொடங்கிய இந்தோசீன வங்கி நம்ம பிரெஞ்சிந்தியாவுக்கென்றே ரூபாய் நோட்டு வெளியிட்ட கதையை உருகி உருகி எழுதினேன். அச்சடித்தாலும் அவர்கள் நோட்டு அச்சடித்தார்கள். நான் அச்சடித்தது வடைக்கணக்கு. அந்த அத்தியாயத்தை இன்றுவரை யாரும் படிக்கவில்லை.

கேள்வித்தாளும் கொடுத்தேன். 'மொபைல் ஆப் பயன்படுத்துகிறீர்களா?' பாஸ்புக் வரிசையில் நின்றுகொண்டே எல்லாரும் 'ஆம்' போட்டார்கள். 'சேவையில் திருப்தியா?' 'மிகவும் திருப்தி.' போட்டுவிட்டு, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று என்னைத் திட்டினார்கள். போகும்போது பேனாவையும் கொண்டுபோனார்கள்.

ஆகவே முடிவுரையில், கோரிமேட்டு வாடிக்கையாளர்களுக்கு வேண்டியது டிஜிட்டல் சேவை இல்லை, என்ட்ரி போட ஓர் ஆள் என்று எழுதினேன். கல்லூரி கைடு சிவப்பு மையில் அடித்தார். தலைப்பில் டிஜிட்டல் இருக்கும்போது முடிவுரையில் பாஸ்புக் வரலாமா என்றார். கை ஸ்கொயர் டெஸ்ட் போட்டு, எல்லாரும் விழிப்புணர்வோடு இருக்கிறார்கள் என்று மாற்றினேன். அவர் சொன்னபடி நீல அட்டை, தங்க எழுத்து, மூன்று பிரதி.

கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்: "அந்தப் பிராஞ்சுல மெஷின் ஓடுதாம்மா? எங்க ஏரியாவுல ரிப்பேர். யாரு போட்டுக் குடுக்கறாங்க அங்க?"