தப்புன உலக்கை

வாங்க மாப்ளே, வாங்க. கார்ல வந்துபோட்டு ஏன் நடந்து வந்தவராட்டம் மொகத்தைத் தொங்கப் போட்டிருக்கறீங்க? உக்காருங்க. ஏய் புள்ளே, மாப்ளைக்கு மோரு கொண்டா, உப்பு கொஞ்சம் எச்சாவே போடு. வேர்த்து ஊத்திட்டு வந்திருக்காரு.

சேதி வந்து சேந்துருச்சுங்க. பண்ணாரியில சாமி கும்பிட்டுப்போட்டு திம்பம் மலை ஏறுனீங்க. மூணாவது வளைவுலயே வண்டி வெட்டி வெட்டி இழுத்துச்சு. மஞ்ச லைட்டு கண்ணடிச்சுது, நீங்களும் அசராம இன்னும் மிதிச்சீங்க. 27 வளைவுல எத்தனாவதுல நின்னீங்கன்னு நான் கேக்க மாட்டேன். ஊரே கேட்டுருச்சு.

அதுக்குப் பொறகு என்ன வைத்தியம் பாத்தீங்க? பெட்ரோல் பம்ப்பு மாத்துனேன், திராட்டில் பாடி கழுவுனேன், சென்சாரு ரண்டு மாத்துனேன், டாங்கியில மருந்து மூணு பாட்டலு ஊத்துனேன்... அடேயப்பா. வயித்துவலின்னு வந்தவனுக்குப் பல்லைப் புடுங்கி, மொட்டையடிச்சு, காதும் குத்தி அனுப்புன கதையா இருக்குது. மொத்தம் எவ்வளவு ஆச்சுங்க? 38,000-ங்களா? செரி செரி. ஒரு சினை மாடு வாங்கியிருந்தா சாணியாச்சும் மிஞ்சியிருக்கும்.

நான் நாப்பது வருசம் லாரி ஓட்டுன கட்டை. டர்போ என்னமோ உங்க காருக்குத்தான் மொதமொதல்ல வந்த மாதிரி பேசாதீங்க. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லயே அதுக்குப் பேட்டண்டு வாங்கிட்டாரு. சைலன்சர்ல வீணாப் போற பொகையை வெச்சு ஒரு காத்தாடியைச் சுத்த உட்டு, அந்தக் காத்தாடியே மறுபக்கம் இஞ்சினுக்குக் காத்தை அமுக்கி அனுப்பற வேலைங்க அது. பொகை வந்தாத்தான் காத்து. அதனால தாழ்ந்த சுத்துல மிதிச்ச ஒடனே சித்தெ தாமசிச்சுத்தான் பிக்கப் வரும். அது சீக்கு இல்லீங்க, அதோட சுபாவம். உங்க அத்தைகிட்டக் காப்பி கேட்டாக்கூட அப்பிடித்தான், தாமசமானாலும் வந்துரும். ஆனா நடுவுல நின்னு நின்னு வந்துச்சுன்னா அது வேற வெவகாரம்.

நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காத்தால ஸ்டார்ட் பண்ணறப்ப நடுங்குதுங்களா? இல்லை. ஐடிலிங்ல? இல்லை. கோபி ரோட்டுல சமமாப் போறப்ப? இல்லை. மேட்டுல, மூணாங் கியர்ல மிதிக்கறப்ப மட்டுந்தான்? பாத்தீங்களா, இந்த நாலு கேள்விக்கு எத்தனை பில்லு போட்டேன்? காத்தால மட்டும் நடுங்குனா வால்வுல கரி புடிச்சிருக்குமோன்னு சந்தேகப்படலாம். நேரா சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல் அடிக்கற வண்டியில காத்து வர்ற வால்வைக் கழுவ பெட்ரோல் போறதில்லை, கரி ஏறும். அக்ரூட்டு ஓட்டைப் பொடி பண்ணி அடிச்சு அதைச் சுத்தம் பண்ணறாங்களாம், பருப்பு தின்னது யாருன்னு தெரியலை. ஐடிலிங்ல மட்டும் நடுங்குனா காத்து எங்கியோ திருட்டு வழியில உள்ள வருதான்னு பாக்கோணும். உங்களுது ரண்டும் இல்லை. பாரம் ஏறுனாத்தான் மூச்சு வாங்குது.

இஞ்சின் எத்தனை சிலிண்டரு? மூணா? நல்லதாப் போச்சு. எங்க அம்மா காலத்துல ஒரே ஒரல்ல மூணு பொம்பளைக நின்னு மாத்தி மாத்திக் கம்பு குத்துவாங்க. ஒருத்தி ஒலக்கையைத் தவற உட்டா திண்ணையில கண்ணை மூடிப் படுத்திருக்கற எங்கப்பனுக்கே தெரிஞ்சுரும், தாளம் நொண்டும். உங்க வண்டிக் கம்ப்யூட்டரும் அந்தத் திண்ணைக் கெழவன்தானுங்க. கிராங்கு சுத்தற வெசையை ஒரு சென்சாரு வெச்சுப் பாத்துட்டே இருக்குது. 3,000 சுத்துல ஒவ்வொரு சிலிண்டரும் நிமிசத்துக்கு 1,500 தடவை வெடிக்கோணும். ஒண்ணு வெடிக்காம உட்டா கிராங்கு ஒரு துளி தளரும், ஒடனே யாரு ஒலக்கைன்னு எழுதி வெச்சுக்கும்.

என்ற பேத்தி இருக்கறாளே, ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சொருவல்ல சின்னப் பொட்டியைச் சொருவி, செல்லுல படிச்சே சொல்லிப்போட்டா, பி0302-ன்னு. கடைசி நெம்பரு ரண்டு, அப்ப ரண்டாவது சிலிண்டரு. பி0300-ன்னு வந்திருந்தா எந்த சிலிண்டருன்னு இல்லாம அங்கியும் இங்கியும் தப்புதுன்னு அர்த்தம், அது தலைவலி. நீங்க அதைக்கூடப் படிக்காமத்தான் பம்ப்பை மாத்துனீங்களா? பாவம், பம்ப்புக்கே காரணம் தெரிஞ்சிருக்காது.

இனிமேலாச்சும் ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. அந்த மஞ்ச இஞ்சின் லைட்டு நின்னு எரிஞ்சா மெதுவாப் பட்டறைக்குப் போலாம். கண்ணடிச்சா ஒடனே காலை எடுத்துரோணும். வெடிக்காத பெட்ரோலு நேரா சைலன்சர் வழியில இருக்கற கன்வெர்ட்டருக்குள்ள போயி அங்க பத்திக்கும். அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு பூசி வெச்சிருக்கறாங்க. உங்க அத்தை காதுலகூட அத்தனை ரகம் இல்லை. நீங்க அதை அடுப்பாக்கி மலை ஏறியிருக்கறீங்க.

செரி, பானெட்டைத் தொறங்க. மொதல்ல கண்ணால பாருங்க. போன வருசம் நம்ம பங்காளி வைக்கப்போருக்குப் பக்கத்துல காரை நிறுத்தி, எலி வயரைக் கடிச்சதுக்கு இஞ்சினையே எறக்கச் சொன்னாங்க. உங்களுதுல எலி இல்லை. இன்டர்கூலருக்குப் போற ஹோசு, கிளிப்பு எல்லாம் ஆட்டிப் பாத்தாச்சு, எண்ணெய்ப் பிசுக்கும் கசியலை. ஹோசு கிழிஞ்சா மிதிக்கறப்ப உஸ்ஸுன்னு சீத்தம் வரும், இழுவை செத்துரும். லாரியில அது வந்தா பின்னாடி வர்றவன் மூஞ்சி கருத்துரும், நமக்கு அவன் திட்டறதுலயே தெரிஞ்சுரும்.

அடுத்தது காயிலு. ஒவ்வொரு பிளக்கு தலையிலயும் ஒண்ணு உக்காந்திருக்குது. வண்டியை ஆஃப் பண்ணிப்போட்டு, ரண்டாவதுல இருக்கறதை மூணாவதுலயும் மூணாவதை ரண்டாவதுலயும் மாத்தி மாட்டுங்க. கம்ப்யூட்டரு எழுதி வெச்ச அந்த நெம்பரை அழிச்சுட்டு ஒரு மேடு ஏறிட்டு வாங்க, வெட்டுனதும் திரும்பிருங்க. பி0303-ன்னு மாறுனா காயிலு திருடன். மாறலைன்னா அது நல்லவன். சம்பந்தி ஊட்டுச் சண்டையில ரண்டு மருமகளையும் ஊடு மாத்தி உக்கார வெச்சுப் பாக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. போயிட்டு வாங்க, நான் அதுக்குள்ள ஒரு வெத்தலை போட்டுக்கறேன்.

வந்துட்டீங்களா? அதே 0302-ங்களா? அப்பக் காயிலுக்கு நாம மன்னிப்புக் கேக்கோணும். இஞ்சின் ஆறட்டும், தலை அலுமினியமுங்க, சூட்டோட பிளக்கைத் திருவுனா மரை போயிரும்.

ம்... எடுங்க, பாக்கலாம். மாப்ளே, இது கம்பெனி பிளக்கு இல்லையே! எப்ப மாத்துனீங்க? மலைக்குப் போறதுக்கு மொத வாரமா? இதை ஏன் இத்தனை நேரம் மறைச்சு வெச்சீங்க? வீடியோவுல இடைவெளி பெருசா இருந்தாப் பொறி பெருசா வரும்னு சொன்னானுங்களா? அந்த ஃபீலர் கேஜைக் கொண்டாங்க. உங்க வண்டிப் பொஸ்தகத்துல 0.7-லிருந்து 0.8 மில்லிமீட்டருன்னு போட்டிருக்குது. இது 1.1. மத்த ரண்டும் 1-கிட்ட நிக்குது. உங்க கைவண்ணம் ரண்டாவதுல கொஞ்சம் தாராளம்.

புளியம்பட்டி மாட்டுச் சந்தைக்கு வந்திருக்கறீங்கள்ல? வெறுந்திடல்ல இக்கட்டிருந்து அக்கட்ட ஓடறதுக்கு எத்தனை நேரம்? சந்தை நாள்ல ஓடிப் பாருங்க பாக்கலாம். பொறிக்கும் அதே பாடுதானுங்க. சமத்துல போறப்ப சிலிண்டருக்குள்ள கூட்டம் கம்மி, 1.1-ஐக்கூடத் தாண்டிரும். மேட்டுல டர்போ காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்ளுது, நெரிசல்ல பொறி தாண்ட எச்சான வோல்டேஜு வேணும். காயிலு குடுக்கறது பத்தலைன்னா பொறி பாதியிலயே அத்துப்போகும், வண்டி வெட்டும். டர்போ இல்லாத பழைய வண்டியில இதே பிளக்கு ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும்.

ஏய், அதைத் தட்டிச் சின்னதாக்காதீங்க! இரிடியம் முனை, ஊசியாட்டம் இருக்குது, நெம்புனா ஒடைஞ்சுரும். பொஸ்தகத்துல போட்ட நெம்பருக்கு மூணு பிளக்கு புதுசா வாங்குங்க, அளவு பாத்து மாட்டுங்க, சொன்ன டார்க்குக்கு மட்டும் முறுக்குங்க. அதுக்கப்பறமும் ரண்டாவதே தப்புனா இன்ஜெக்டரைப் பாக்கோணும், அதுக்கும் மேல கம்ப்ரஷன் வெச்சுப் பாக்கோணும். அதெல்லாம் அப்பறம். இன்னொண்ணு, மேட்டுல அஞ்சாங் கியர்ல 1,200 சுத்துல உறுமிட்டுப் போகாதீங்க. சின்ன டர்போ இஞ்சினுக்கு அதுல நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனே ஒடையும். கியரைக் கொறைக்கறதுல மானம் போயிராது.

டிக்கியில என்னங்க கடகடன்னு? கழட்டுன பழைய பம்ப்பும் சென்சாரும் கம்பெனி பிளக்கு மூணுமா? தூக்கி எறியாம வெச்சிருக்கறீங்களே, அத்தை வளர்ப்பு! அந்தப் பிளக்கைத் தொடைச்சு அளந்து பாருங்க. 0.8-லயே நிக்குதுங்களா? புதுசு வர்ற வரைக்கும் அதையே மாட்டுங்க. பொழுதோட நானும் வர்றேன், பண்ணாரி தாண்டி ஒரு நாலு வளைவு ஏறிப் பாத்துரலாம். பெட்ரோல் காசு உங்களுது.