டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது

யாழ்ப்பாணத்து அரியாலையில் கலியாண மண்டபம் ஒன்று ஒரு நாளுக்குக் கிடைத்தால் போதும், செயலமர்வு வைத்துத் தீவிர சிகிச்சைத் தாதியருக்கு மருத்துவத் தீர்மானம் படிப்பித்து முடித்துவிடலாம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள். குத்துவிளக்கை யார் முதலில் ஏற்றுவது என்று தீர்மானிக்கவே அரை மணித்தியாலம் போகும். பிறகு தலைமையுரை, ரோல்ஸ், பிளேன்ரீ. இரவுக் கடமை முடித்து நேரே வந்த பிள்ளைகள் பின்வரிசையில் கண்ணைத் திறந்தபடி நித்திரை.

பாடம் நல்ல பாடம். கிறிஸ்டின் ரனர் என்ற அமெரிக்கத் தாதியியல் பேராசிரியர் 2006இல் வகுத்த நான்கு படிகள்: கவனி, பொருள்கொள், செயற்படு, மீட்டுப்பார். இனி வாட்டுக்கு வாருங்கள்.

இரவு இரண்டு மணி. நோயாளியின் ஒட்சிசன் அளவு 96, பிறஷரும் பிழையில்லை. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 28. ஒரு மணித்தியாலத்துக்கு முன் பேரப்பிள்ளையைப் பற்றிக் கதைத்த மனிசன், இப்போது போர்வையைப் பிடித்து இழுக்கிறார். அந்த 96ஐ அவர் இளைத்திளைத்துத்தான் தாங்கிப் பிடிக்கிறார். நெஞ்சுத் தசை களைத்தால் அதுவும் விழும் என்று தாதிக்கு விளங்கிவிட்டது. கவனித்தாள், பொருள்கொண்டாள். ஃபோனை எடுக்கிறாள்.

"சற்றுரேஷன் எவ்வளவு, மிஸ்?"

"தொண்ணூற்றாறு, டொக்டர். ஆனா ஆள் சரியில்லை."

"ஆள் சரியில்லை எண்டா என்ன கணக்கு? சும்மா எழுப்பாதையுங்கோ."

மூன்றாம் படி முடிந்தது. கட்டில் தாளில் எழுதுகிறாள்: 'மூச்சு 28. டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது.' நேரம், கையொப்பம். நோயாளியைத் தவிர மற்ற எல்லாரையும் காப்பாற்றுகிற வாக்கியம் அது.

பக்கத்துக் கட்டில் தாளைப் பாருங்கள். மூன்று நாளாக மூச்சு 18, 18, 18. எண்ணி எழுதியதல்ல, எல்லாருக்கும் தெரியும். எண்ண ஒரு முழு நிமிடம் வேண்டும். ஒருத்திக்கு ஒரு கட்டில் என்றிருக்க வேண்டிய இடத்தில் மூன்று வென்ரிலேற்றரைப் பார்க்கிறவளுக்கு அந்த நிமிடத்தை யார் கொடுத்தது? ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்த முடிவை 2014இல் லான்செற் சஞ்சிகை வெளியிட்டது: ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 வீதம் கூடும். இந்தக் கணக்கை மட்டும் எந்தச் செயலமர்விலும் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பானவர்களுக்குப் படிப்பிக்கக் காணோம்.

கட்டிலருகே வருடக்கணக்காக நின்றால்தான் கை தேறும் என்று தாதியியல் அறிஞர் பற்றீசியா பெனர் 1984இலேயே எழுதிவிட்டார். எங்கள் அரசு என்ன செய்தது? 2022இல் டொலர் வற்றியதும், அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. போன பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. கோபம் இருந்தால், அவர்களின் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டு யாரும் என்னைத் திட்டலாம். கை தேறியவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போக, தேறாதவர்களுக்கு ஸ்லைட் போட்டுக் காட்டுகிறோம்.

எங்கள் தாதியருக்கா தீர்மானிக்கத் தெரியாது? 1987 ஒக்ரோபர் 21 அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் சுட்டபோது, நோயாளிகளை விட்டுப் போகாமல் கடமையில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் செத்தார்கள். யாரும் செயலமர்வு வைத்து அவர்களை அங்கே நிற்க வைக்கவில்லை.

நாலாம் படி, மீட்டுப்பார்த்தல், விசாரணை மேசையில் நடக்கும். விடிய ஐந்து மணிக்கு அந்த மனிசன் செத்திருப்பார். கட்டில் தாளை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்கள்.

"இருபத்தெட்டு எண்டு எழுதியிருக்கிறீங்கள். பிறகேன் திரும்ப எடுக்கேல்லை? உங்களுக்கெண்டு ஒரு யோசினை இல்லையோ, மிஸ்?"